உயரம் குறைந்த பாயிண்ட் கார்டுக்கு ட்ராஃப்டில் என்ன விலை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய பாயிண்ட் கார்டு ஒருவர், உயரம் போதாது என்று என்பிஏ ட்ராஃப்டில் இரண்டாம் சுற்றுக்குப் போய்விடுகிறார். ஆறரை அடி இருந்தால், தூரத்திலிருந்து ஒழுங்காகப் பந்து போடத் தெரியாதவர்கூட முதல் பத்துக்குள் வந்துவிடுகிறார். உயரம் நிஜமாகவே அவ்வளவு முக்கியமா, இல்லை அணிகள் ஏமாறுகின்றனவா?" பாயிண்ட் கார்டு என்பவர் பந்தைக் கொண்டுவந்து அணியின் ஆட்டத்தை நடத்துபவர். ட்ராஃப்ட் என்பது அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பது. மேலே உள்ள கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உயரம் ஆட்டத்தை என்ன செய்கிறது என்பது ஒன்று. அதற்கு அணிகள் போடும் விலை சரியா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதில் சில விஷயங்கள் தெளிவு, சில இன்னும் விவாதத்தில்தான் இருக்கின்றன. நான் கல்லூரி அணிகளுக்குப் பல வருடம் பயிற்சி கொடுத்தவன், ட்ராஃப்டை ஆண்டுதோறும் விடாமல் பின்தொடர்பவன். என்பிஏ அணிகளின் தேர்வு அறைக்குள் உட்கார்ந்ததில்லை. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் 'அளவு' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பலரும் உயரத்தை மட்டும்தான் நினைக்கிறார்கள். தேர்வாளர்கள் பார்ப்பது மூன்று: காலணி இல்லாத உயரம், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் வரும் நீளம், உடம்பின் எடையும் பலமும். கல்லூரிகள் தரும் உயரக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. பிரானி ஜேம்ஸ் கல்லூரிப் பட்டியலில் 6 அடி 4 அங்குலம். 2024 மே மாதம் சிகாகோவில் நடந்த காம்பைனில், அதாவது ட்ராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாமில், காலணி இல்லாமல் அளந்தபோது 6 அடி ஒன்றரை அங்குலம்தான் வந்தது. என்பிஏவே 2019-ல்தான் எல்லா அணிகளும் காலணி இல்லாத உயரத்தை அளந்து கொடுக்க வேண்டும் என்று விதி போட்டது. அதனால் பழைய ஆட்டக்காரர்களின் உயரத்தை இன்றைய பையன்களோடு ஒப்பிடும்போது ஓர் அங்குலம் முன்பின் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை நீளமோ பல சமயம் உயரத்தைவிட அதிகம் சொல்லும். ராஜான் ராண்டோ 6 அடி 1 அங்குலம்தான், ஆனால் கை நீளம் 6 அடி 9 அங்குலம். டானவன் மிட்செல் காலணியோடு 6 அடி 3 அங்குலம், கை 6 அடி 10 அங்குலம். களத்தில் இவர்களை எதிர்கொள்பவருக்கு இவர்கள் சின்ன ஆட்களாகவே தெரிய மாட்டார்கள்.

சரி, உறுதியான விஷயத்துக்கு வருவோம். உயரம் குறைந்த பாயிண்ட் கார்டுக்கு வரும் பெரிய சிக்கல் பந்து அவர் கையில் இருக்கும்போது வருவதில்லை, எதிரணியிடம் இருக்கும்போதுதான் வருகிறது. 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளீவ்லேண்ட் 89, கோல்டன் ஸ்டேட் 89. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே பாக்கி. கைரி இர்விங்கைத் தடுத்து நின்றவர் கிளே தாம்சன், 6 அடி 6 அங்குலம், நல்ல தடுப்பாட்டக்காரர். கிளீவ்லேண்ட் அவரோடு மோதவே இல்லை. ஸ்டீபன் கரி யாரைத் தடுத்துக்கொண்டிருந்தாரோ அந்த ஜே.ஆர். ஸ்மித்தைக் கூப்பிட்டு ஸ்கிரீன் போடச் சொன்னார்கள், அதாவது தடுப்பவரின் வழியில் உடம்பால் மறித்து நிற்கச் சொன்னார்கள். ஸ்கிரீனில் ஆள் மாறியது, இர்விங்குக்கு எதிரே கரி வந்து நின்றார். இர்விங் நாலு தட்டு தட்டி, வலப்பக்கம் நகர்ந்து, கரியின் கைக்கு மேலாக மூன்று புள்ளி போட்டார். 92-89. பட்டம் அங்கேயே முடிவானது. கரி சோம்பேறித்தனம் காட்டவில்லை, சரியான இடத்தில்தான் நின்றார். அவருடைய கை அந்த உயரத்துக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

பருவம் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் என்றாலே இதுதான் நடக்கும். பருவ ஆட்டங்களில் அணிகள் தங்கள் வழக்கமான ஆட்டத்தை ஆடிவிட்டுப் போய்விடும். ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை ஆடும்போது, எதிரணியில் யார் பலவீனமான தடுப்பாட்டக்காரரோ அவரையே திரும்பத் திரும்பத் தேடிப் பிடிப்பார்கள். ஸ்கிரீன் வரும்போது ஆளை மாற்றிக்கொள்வது, அதாவது ஸ்விட்ச் செய்வது, பத்து வருடங்களுக்கு முன் சில அணிகளின் உத்தியாக இருந்தது. இன்று எல்லா அணியும் செய்கிறது. ஐந்து பேரும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் 6 அடி 1 அங்குலம் என்றால், அவருக்காக மற்ற நான்கு பேரும் தங்கள் இடத்தை விட்டு ஓடி உதவ வேண்டும். அந்த ஓட்டத்தில்தான் மூலையில் ஒரு ஆள் சும்மா நிற்கும் இடைவெளி பிறக்கிறது. இதில் ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். லூகா டான்சிச் 6 அடி 8 அங்குலத்தை ஒட்டிய ஆள். ஆனாலும் 2024 இறுதித் தொடரில் பாஸ்டன் அவரையும் தேடிப் பிடித்துத்தான் தாக்கியது. கால் வேகமில்லாத உயரம் முழுப் பாதுகாப்பு தராது.

பந்து கையில் இருக்கும்போது கணக்கு வேறு. அங்கே உயரக் குறைவு சில இடங்களில் லாபம்கூட. தட்டும் பந்து தரைக்கும் கைக்கும் இடையே குறைந்த தூரமே போகிறது, அதனால் பிடுங்குவது கஷ்டம். திசை மாற்றுவதும், நின்று கிளம்புவதும் வேகமாக நடக்கும். 5 அடி 3 அங்குலமே இருந்த மக்ஸி போக்ஸ் 1987-ல் 12-வது ஆளாக எடுக்கப்பட்டு 14 பருவம் ஆடினார். அவரிடமிருந்து பந்தைப் பிடுங்குவது லீக்கின் பெரிய தடுப்பாட்டக்காரர்களுக்கே பாடாக இருந்தது. ஆனால் உயரம் உதவும் ஓர் இடத்தைப் பயிற்சிக் களத்தில் நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஸ்கிரீனுக்குப் பிறகு இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் சேர்ந்து பாயிண்ட் கார்டை மடக்குகிறார்கள் என்று வையுங்கள். உயரமான பையன் அவர்கள் தலைக்கு மேலாகவே எதிர்மூலையில் நிற்கும் ஆளைப் பார்த்துவிடுவான், ஒற்றைக் கையால் பந்தை அங்கே வீசுவான். உயரம் குறைந்த பையன் அதே ஆளைப் பார்ப்பதற்கு முதலில் ரெண்டடி பின்வாங்க வேண்டும், அல்லது பந்தை உயரத் தூக்கி வளைத்து அனுப்ப வேண்டும். அந்த அரை வினாடிக்குள் மூலையில் இருந்த ஆளைத் தடுக்க ஒருவர் வந்து சேர்ந்துவிடுவார். திறமையில் இருவருக்கும் வித்தியாசம் இல்லாவிட்டாலும் பாஸின் பலன் வேறாகிவிடுகிறது. கூடைக்கு அருகே போய் முடிப்பதும் இப்படித்தான். அதனால்தான் உயரம் குறைந்தவர்கள் நடுத்தூரத்தில் நின்று மேலே மிதக்கவிடும் ஃப்ளோட்டரை உயிர்போல் பழகுகிறார்கள்.

விதிகளும் காலமும் இந்தக் கணக்கை மாற்றியிருக்கின்றன. 2004-05 பருவத்திலிருந்து, பந்து வைத்திருப்பவரைக் கையால் தொட்டு அழுத்தித் தடுப்பதை நடுவர்கள் கடுமையாகக் கண்டிக்க ஆரம்பித்தார்கள். வேகமான சின்ன கார்டுகளுக்குக் கதவு திறந்தது. ஸ்டீவ் நாஷ் 2005, 2006 இரண்டிலும் எம்விபி, அதாவது பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஆனார். 2005 ட்ராஃப்டில் 6 அடி உயர கிறிஸ் பால் நான்காவது ஆளாகப் போனார். அவருக்கு முன்னால் யூட்டா எடுத்தது, அவரைவிட உயரமும் கனமுமான டெரான் வில்லியம்ஸை. அப்போது பலரும் யூட்டா சரியாகத்தான் செய்தது என்றார்கள், சில வருடங்கள் அந்த வாதம் செல்லவும் செய்தது. வில்லியம்ஸ் 2017-க்குப் பிறகு என்பிஏவில் ஆடவில்லை. பால் 2024-25 பருவத்தில், 39 வயதில், சான் அன்டோனியோவுக்காக 82 ஆட்டங்களிலும் இறங்கினார். பாலைப் போன்றவர்கள் மிக அரிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2010-களின் நடுவில் ஸ்விட்ச் ஆட்டம் பரவியதும் கதவு மறுபடி குறுக ஆரம்பித்தது.

என் பதிலின் மையம் இனி சொல்லப்போவதுதான். உயரம் ஒரு பாயிண்ட் கார்டு எவ்வளவு நல்லவராக வர முடியும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. அவர் நடுத்தரமாக இருந்தால் அணியில் இடம் உண்டா என்பதைத்தான் தீர்மானிக்கிறது. 6 அடி 1 அங்குல ஆள் ஆட்ட நேரம் பெற வேண்டுமானால், தடுப்பில் அவர் விட்டுக்கொடுக்கும் புள்ளிகளைத் தாக்குதலில் ஈடுகட்டியாக வேண்டும். அதற்குப் பந்து பெரும்பாலும் அவர் கையில் இருக்க வேண்டும், அணியே அவரைச் சுற்றிக் கட்டப்பட வேண்டும். ட்ரே யங்குக்கு அட்லாண்டா அதைச் செய்தது, அவரும் 2021-ல் அணியைக் கிழக்குப் பிரிவு இறுதிவரை கொண்டுபோனார். ஆனால் அணியின் மூன்றாவது நான்காவது ஆட்டக்காரர் என்ற சாதாரண நிலைக்கு உயரம் குறைந்த கார்டு பொருந்துவது கஷ்டம். நட்சத்திரம், இல்லையென்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆடும் மாற்று ஆள். நடுவில் இருக்கும் பெரிய இடம் அவருக்குக் கிடைப்பதில்லை. 6 அடி 6 அங்குலக்காரருக்கு அந்த நடு இடம் முழுக்கத் திறந்தே இருக்கிறது. பாயிண்ட் கார்டாகத் தேறாவிட்டால் பக்கத்து இடத்தில் ஆடலாம். 2004-ல் நான்காவதாகப் போன 6 அடி 7 அங்குல ஷான் லிவிங்ஸ்டன் 2007-ல் முழங்கால் நொறுங்கி, ஆட்டமே முடிந்தது என்ற நிலையிலிருந்து மீண்டவர். பழைய வேகம் திரும்பவில்லை. ஆனால் உயரம் போகவில்லை. சின்ன கார்டுகளைக் கூடைக்கருகே முதுகால் தள்ளிக்கொண்டு போய், அவர்கள் தலைக்கு மேல் பந்து போட்டே கோல்டன் ஸ்டேட்டில் மூன்று பட்டங்களில் பங்குபெற்றார். உயரம் குறைந்தவருக்கு இப்படி இரண்டாவது வாழ்க்கை கிடைப்பதில்லை. ட்ராஃப்டில் அணிகள் உயரத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முக்கியமான நியாயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், கேள்வியின் இரண்டாவது பாதி. அணிகள் ஏமாறுகின்றனவா? ஆம், ஒரு குறிப்பிட்ட வகையில் திரும்பத் திரும்ப ஏமாறியிருக்கின்றன. 2013-ல் 11-வதாகப் போன மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ், 6 அடி 6 அங்குலம். முதல் ஆட்டத்திலேயே மயாமிக்கு எதிராக 22 புள்ளி, 12 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வழிவகுத்த பாஸ்), 9 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பறித்த பந்து). அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமும் அவரே. அடுத்த பருவம் முடியும் முன்பே பிலடெல்பியா அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டது. 2014-ல் டான்டே எக்ஸம் ஐந்தாவது, 2015-ல் இம்மானுவேல் முடியே ஏழாவது, 2017-ல் ஃபிராங்க் என்டிலிகினா எட்டாவது, 2020-ல் கில்லியன் ஹேஸ் ஏழாவது. எல்லோரும் 6 அடி 5 அல்லது 6 அங்குலம், எல்லோருக்கும் வெளியிலிருந்து எறிவது சந்தேகமாக இருந்தது, யாரும் எடுக்கப்பட்ட இடத்துக்கு ஏற்ற மாதிரி வளரவில்லை. எக்ஸமுக்குக் காயங்களும் சேர்ந்துகொண்டன, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். பாயிண்ட் கார்டால் எறிய முடியாது என்றால் அவரைத் தடுப்பவர் ஸ்கிரீனுக்குப் பின்னால் போய் வழியை அடைத்துக்கொள்வார். அப்போது உயரத்தால் வந்த பார்வையும் பாஸும் பயனற்றுப்போகும். எறிவதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், உயரத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று தேர்வாளர்கள் வாதிடுவார்கள். வாக்கியமாகக் கேட்க நன்றாக இருக்கிறது. பத்தொன்பது வயதில் எறியத் தெரியாத கார்டுகள் பலர் பிறகும் கற்றுக்கொள்ளவில்லை என்பதே இந்தப் பட்டியல் காட்டுவது. ஹேஸ் போன அதே 2020-ல் டைரீஸ் ஹாலிபர்ட்டன் 12-வதாகப் போனார். அவரும் 6 அடி 5 அங்குலம், ஆனால் எறியத் தெரிந்தவர். கை அசைவு பார்க்கக் கோணலாக இருக்கிறது, உடம்பு ஒல்லி என்று அவரை விட்டார்கள்.

எதிர்ப்பக்கத் தவறுக்கு ஜேலன் பிரன்சனைவிட நல்ல சாட்சி இல்லை. நீங்கள் கேள்வியில் மனதில் வைத்திருந்தவரும் அவராகத்தான் இருக்க வேண்டும். வில்லனோவாவில் 2016, 2018 என இரண்டு தேசியப் பட்டங்கள், 2018-ல் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். அந்த வருட ட்ராஃப்டில் அவருடைய சக ஆட்டக்காரர்கள் மூன்று பேர் அவருக்கு முன்னால் போனார்கள்: மிக்கேல் பிரிட்ஜஸ் 10, டான்டே டிவின்சென்சோ 17, ஒமாரி ஸ்பெல்மன் 30. அவர்களுக்கெல்லாம் பந்தைக் கொண்டுவந்து கொடுத்த பிரன்சன் 33. உயரம் குறைவு, பெரிதாகக் குதிக்க மாட்டார், வயதும் கிட்டத்தட்ட 22 ஆகிவிட்டது என்பவைதான் அவர்மீது இருந்த குறைகள். 2023-24 பருவத்தில் அவர் நியூயார்க்குக்காக ஆட்டத்துக்கு 28.7 புள்ளி எடுத்தார். தேர்வாளர்கள் எதைக் கோட்டைவிட்டார்கள் என்று கேட்டால், உடம்பின் பலத்தை என்பேன். பிரன்சன் உள்ளே போகும்போது கவனித்துப் பாருங்கள். தோளைத் தடுப்பாட்டக்காரரின் நெஞ்சில் வைத்து ஒரு இடி, உடனே நின்று ஒரு சுற்று, இன்னொரு நிறுத்தம். எதிரே நிற்பவர் சமநிலை இழந்து ஓரடி பின்னால் போன பிறகுதான் எறிவார். உயரத்தால் கிடைக்காத இடைவெளியைத் தோளாலும் காலாலும் உண்டாக்குகிறார். கைல் லாவ்ரி, ஃபிரெட் வான்வ்லீட் இருவரும் இதே வார்ப்பு. வான்வ்லீட்டை 2016-ல் 60 இடங்களிலும் யாரும் எடுக்கவில்லை. 2019-ல் டொரோண்டோ பட்டம் வென்ற கடைசி ஆட்டத்தில் அவர் 22 புள்ளி எடுத்தார், அந்தத் தொடர் முழுக்கக் கரியைத் துரத்திக்கொண்டிருந்தவரும் அவரே. ஆகவே, உயரம் குறைந்து ஒல்லியாகவும் இருப்பவரையும், உயரம் குறைந்து கட்டையாக, கனமாக இருப்பவரையும் ஒரே கூடையில் போட்டு எடைபோடுவது அணிகளின் தவறு என்று துணிந்து சொல்வேன்.

இனி சந்தேகத்துக்குரியவை. பிரன்சனையும் வான்வ்லீட்டையும் காட்டி "சின்ன கார்டுகளை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள்" என்று சொல்வது சுலபம். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. ஜெயித்தவர்களின் பெயர்தான் நமக்கு நினைவிருக்கும். மார்க்கிஸ் நோவெல் 2023 கல்லூரிப் போட்டியில் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட் கொடுத்து அந்தப் போட்டியின் சாதனை படைத்தார். உயரம் 5 அடி 8 அங்குலம். ட்ராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, என்பிஏவில் நிலைக்கவும் முடியவில்லை. கல்லூரி வரலாற்றிலேயே அதிக ஸ்டீல் எடுத்த ஜேக்கப் கில்யார்டின் கதையும் கிட்டத்தட்ட அதேதான். இவர்களையெல்லாம் கணக்கில் சேர்த்தால் அணிகளின் தயக்கம் முட்டாள்தனமாகத் தெரியாது.

ஆட்ட ஆயுள் பற்றியும் உறுதியாகப் பேச முடியாது. 2011 ட்ராஃப்டில் கடைசி ஆளாக, 60-வதாகப் போன 5 அடி 9 அங்குல ஐசேயா தாமஸ் 2016-17-ல் பாஸ்டனுக்காக ஆட்டத்துக்கு 28.9 புள்ளி எடுத்தார். அதே பருவத்தில் இடுப்பில் காயம், அதன் பிறகு பழைய தாமஸைப் பார்க்கவே முடியவில்லை. அதே ட்ராஃப்டில் 9-வதாகப் போன கெம்பா வாக்கரை முழங்கால் முடித்தது. முதல் அடியின் வேகத்தையே நம்பி வாழும் சின்ன கார்டு அதில் கொஞ்சம் இழந்தாலும் எல்லாம் போய்விடும் என்பது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பாலும் லாவ்ரியும் அதை மறுத்து நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கும்போது இதை விதியாகச் சொல்ல நான் தயாரில்லை.

எதிர்காலமும் அப்படித்தான். 2025 இறுதித் தொடரில் பட்டம் வென்ற ஓக்லஹோமா சிட்டியின் பாயிண்ட் கார்டு ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், 6 அடி 6 அங்குலம், கை நீளம் ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவரும் 11-வதாகப் போனவர். எல்லா அணிகளும் இப்போது தேடுவது அந்த வார்ப்பைத்தான். அதே தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், ட்ராஃப்டில் யாரும் எடுக்காத 6 அடி 1 அங்குல டி.ஜே. மெக்கானல் இந்தியானாவுக்காக மாற்று ஆளாக இறங்கி 10 புள்ளி, 5 அசிஸ்ட், 5 ஸ்டீல் எடுத்தார். எதிரணி கூடைக்கடியிலிருந்து பந்தை உள்ளே போடும்போது, எல்லோரும் திரும்பி ஓடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பதுங்கி நின்று பாய்ந்து பறித்தார். முழுக் களத்திலும் விரட்டி நெருக்கும் ஆட்டம் பரவினால் இப்படிப்பட்ட சின்ன, ஓயாத கார்டுகளுக்கு வேலை கூடலாம். கூடும் என்று அடித்துச் சொல்ல ஒரு தொடர் போதாது.

அடுத்த ட்ராஃப்டைப் பார்க்கும்போது, 6 அடி 2 அங்குலத்துக்குக் கீழே உள்ள பையனிடம் நான் தேடுவதைச் சொல்கிறேன். தட்டிக்கொண்டே வந்து நின்று மூன்று புள்ளி எறிகிறானா என்பது முதலாவது, யாராவது பாஸ் கொடுத்து எறிவது போதாது. ஸ்கிரீனில் மோதினால் ஒட்டிக்கொண்டு நிற்கிறானா, ஓடி விலகுகிறானா என்பது அடுத்தது. தன்னைவிடப் பெரியவன் முதுகால் தள்ளும்போது எத்தனை அடி பின்னால் போகிறான் என்றும் பார்ப்பேன். ரீட் ஷெப்பர்ட் 2024-ல் 6 அடி 2 அங்குலம்கூட இல்லாமல் மூன்றாவதாகப் போனார். கென்டக்கியில் மூன்று புள்ளி எறிவதில் அவருடைய விகிதம் 52.1 சதவீதம், அந்த ஒரு எண்ணுக்குத்தான் ஹூஸ்டன் அந்த விலை கொடுத்தது. உயரமான பையன் என்றால் நான் பார்ப்பது ஒன்றுதான்: தடுப்பவர் ஸ்கிரீனுக்குப் பின்னால் போனால் அவனால் வெளியிலிருந்து எறிந்து தண்டிக்க முடிகிறதா?

உயரத்தின் விலையைத் தனியாகப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்டாரியோவின் நெம்ஹார்ட் சகோதரர்களைப் பாருங்கள். இருவரும் பாயிண்ட் கார்டுகள், இருவரும் கடைசியில் கொன்சாகா கல்லூரிக்கு ஆடியவர்கள், இருவரும் நிதானமாகப் பந்தை நடத்துபவர்கள். அண்ணன் ஆண்ட்ரூ 6 அடி 4 அங்குலம், 2022-ல் 31-வது. தம்பி ரயன் 6 அடிக்கும் கொஞ்சம் குறைவு. 2024-25-ல் அமெரிக்கக் கல்லூரிகளிலேயே ஆட்டத்துக்கு அதிக அசிஸ்ட் கொடுத்தவர். 2025 ட்ராஃப்டில் அவர் பெயரை யாரும் படிக்கவில்லை, டாலஸ் டூ-வே ஒப்பந்தத்தில், அதாவது என்பிஏவுக்கும் அதன் துணை லீக்குக்கும் இடையே மாறி ஆடும் ஒப்பந்தத்தில், சேர்த்துக்கொண்டது. அண்ணனும் கல்லூரியில் பந்தை நடத்தியவர்தான், ஆனால் இந்தியானாவில் ஹாலிபர்ட்டனுக்குப் பக்கத்தில் ஆடினார், இறுதித் தொடரில் கில்ஜஸ்-அலெக்சாண்டரைத் தடுக்கும் வேலை அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. அந்த வேலையைத் தம்பியிடம் எந்தப் பயிற்சியாளரும் கொடுக்க மாட்டார், நானும் கொடுக்க மாட்டேன்.